12 சதுர அடி: சீனக் கூலிக் கப்பல்களும் பிரிட்டிஷ் சட்டமும்

கேள்வி இதுதான்: அடிமை முறையை 1833-லேயே சட்டம் போட்டு ஒழித்த பிரிட்டிஷ்காரர்கள், அதற்குப் பிறகு சீனர்களைக் கப்பல் கப்பலாக ஏற்றிக் கியூபாவுக்கும் பெருவுக்கும் அனுப்பியதைக் கட்டுப்படுத்தினார்களா, இல்லை கண்டும் காணாமல் இருந்தார்களா?

கட்டுப்படுத்தினார்கள். 1855-ல் தனிச் சட்டமே போட்டார்கள். கப்பலுக்குள் ஒருவனுக்கு எத்தனை அடி இடம், எவ்வளவு அரிசி என்றுகூட அதில் கணக்கு உண்டு. ஆனால் அவன் அந்தக் கப்பல் வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தான் என்பதில் அந்தச் சட்டத்தின் கை மிகவும் குட்டையாக இருந்தது. விளைவுகள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் ஒரு சொல். உலகம் முழுக்க இவர்களைக் குறிக்கப் பயன்பட்ட 'கூலி' நம்முடைய கூலிதான் என்பது பரவலான கருத்து. குஜராத்தின் கோலி சாதிப் பெயரிலிருந்து வந்தது என்போரும் உண்டு. நம்மிடம் வேலைக்குக் கொடுக்கும் காசு கூலி. ஐரோப்பியர் வாயில் போனதும் வேலை செய்கிற ஆளே கூலி ஆகிவிட்டான். சீனர்கள் அந்த ஒலியைத் தங்கள் எழுத்தில் எழுதியபோது 'கசப்பு', 'பலம்' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 'கூ லி'. இதைவிடப் பொருத்தமாக எழுத முடியாது.

சட்டம் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் சீனாவின் அமாய் துறைமுகத்துக்குப் போக வேண்டும். இன்றைக்கு அதன் பெயர் சியாமென். 1847-ல் இங்கிருந்துதான் கியூபாவின் ஹவானாவுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். சீனச் சட்டப்படி அப்போது நாட்டை விட்டு வெளியேறுவதே குற்றம். அதனால் எல்லாம் திருட்டுத்தனமாக நடந்தது. தரகர்கள் கிராமம் கிராமமாகப் போய், வேலை வாங்கித் தருகிறேன் என்றோ, சூதாட்டக் கடனில் சிக்க வைத்தோ, சில சமயம் நேராகத் தூக்கிக்கொண்டோ ஆட்களைக் கொண்டுவந்து கொட்டடிகளில் அடைத்தார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று தரகு. உள்ளூர் மக்கள் இதற்கு வைத்த பெயர் 'பன்றிக்குட்டி வியாபாரம்'.

1852-ல் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் பௌரிங் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு காட்சி வருகிறது. கொட்டடியில் நூற்றுக்கணக்கான ஆட்கள், உடம்பில் துணியில்லாமல். நெஞ்சில் ஒரு எழுத்து. போகும் இடம் கலிஃபோர்னியா என்றால் அதன் முதல் எழுத்து, பெரு என்றால் அதன் முதல் எழுத்து, ஹவாய் என்றால் அப்போது அந்தத் தீவுகளுக்கு இருந்த சாண்ட்விச் என்ற பெயரின் முதல் எழுத்து. லாரி ஷெட்டில் பார்சலுக்கு ஊர்ப்பெயர் எழுதுவோமே, அது மாதிரி. அந்தக் கொட்டடிகளை நடத்தியவர்களில் பிரிட்டிஷ் வியாபாரிகளும் இருந்தார்கள்.

அதே 1852 நவம்பரில் அமாய் மக்கள் பொறுத்தது போதும் என்று கிளம்பிவிட்டார்கள். பிடிபட்ட ஒரு தரகனை விடுவிக்க சைம் என்ற பிரிட்டிஷ் வியாபாரி நேரே சீனக் காவல் நிலையத்துக்கே போனது கலவரமாக வெடித்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பலிலிருந்து இறங்கிய வீரர்கள் சுட்டதில் சீனர்கள் சிலர் இறந்தார்கள். பிறகு விசாரணை நடந்தது. தூதரக நீதிமன்றம் சைமுக்கு விதித்த அபராதம் 200 டாலர்.

கடலில் நடந்தது இன்னும் மோசம். 1850-ல் ஹாங்காங்கிலிருந்து பெருவுக்குப் புறப்பட்ட 'லேடி மாண்டேகு' கப்பலில் ஏறிய சுமார் 450 பேரில் ஏறக்குறைய 300 பேர் வழியிலேயே செத்தார்கள். 1852-ல் அமாயிலிருந்து கிளம்பிய 'ராபர்ட் பௌன்' என்ற அமெரிக்கக் கப்பலில் சுத்தம் என்ற பெயரில் கூலிகளின் பின்னலை வெட்டினார்கள். சீனாவை ஆண்ட மஞ்சு அரசு ஆண்களுக்குப் பின்னலைக் கட்டாயமாக்கியிருந்தது, அது இல்லாமல் ஊர் திரும்புவது சாதாரண விஷயம் இல்லை. கூலிகள் கிளர்ந்தெழுந்து கேப்டனைக் கொன்றார்கள். கப்பல் ரியூக்யூ தீவுகளில் கரை தட்டியது. 1855-ல் 'இங்கிள்வுட்' என்ற பிரிட்டிஷ் கப்பல் அமாய்க்கு வந்தபோது உள்ளே சின்னப் பெண் குழந்தைகள். விலைக்கு வாங்கப்பட்டவர்கள். போகவிருந்த இடம் கியூபா. லண்டனில் அசைவு ஏற்பட இந்தச் செய்தியும் ஒரு காரணம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1855 ஆகஸ்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றியது 'சீனப் பயணிகள் சட்டம்'. பெயரில்தான் சீனர். உள்ளே படித்தால் 'ஆசியாவைப் பிறப்பிடமாகக் கொண்ட' 20 பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பல் என்று இருக்கும். பிரிட்டன் வசமிருந்த ஹாங்காங்கிலிருந்து கிளம்பினால் எந்த நாட்டுக் கப்பலானாலும் இந்தச் சட்டத்துக்குள் வரும். சீனாவின் மற்ற துறைமுகங்களிலிருந்தோ, சீனக் கரையிலிருந்து 100 மைலுக்குள்ளோ கிளம்பினால் பிரிட்டிஷ் கப்பல் மட்டும்தான் வரும். இந்த வாக்கியத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் மிச்சம் பாதி இதில்தான் இருக்கிறது.

ஒரு பெரிய ஆளுக்கு 12 சதுர அடி தளம், 72 கன அடி இடம். இதைக் காகிதத்தில் படித்தால் ஒன்றும் தோன்றாது. வீட்டில் ஒரு கோரைப் பாயை விரித்துப் பாருங்கள். ஆறடி நீளம், இரண்டடி அகலம். ஒரு ஆள் மல்லாந்து படுக்கலாம், கையை விரிக்க முடியாது. அதற்கு மேல் ஆறடி உயரம் வைத்தால் 72 கன அடி. தூங்குவது, சாப்பிடுவது, வாந்தி எடுப்பது, சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாம் அதற்குள். சீனாவிலிருந்து ஹவானாவுக்குப் பாய்க்கப்பல் போக நூறு நாளுக்கு மேல் ஆகும். ஆப்பிரிக்கக் கரையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சட்டப்படி சரியாக நடத்தப்பட்ட கப்பலிலேயே நிலைமை இதுதான்.

அதே காலத்தில் பிரிட்டனிலிருந்து புலம்பெயர்ந்த வெள்ளைக்காரர்களுக்கு மேல்தளத்தில் 15 சதுர அடி தர வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்தப் பழைய சட்டத்தை ஹாங்காங்குக்கும் நீட்டிப் பார்த்தபோது, இது அட்லாண்டிக்குக்கு எழுதியது, ஆசியருக்குப் பொருந்தாது என்று கப்பல்காரர்கள் குறைப்பட்டார்கள். உணவு விஷயத்தில் அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. கஞ்சியும் கருவாடும் தின்கிறவனுக்கு ரொட்டியும் ஓட்ஸும் எதற்கு? புதிய பட்டியலில் நாளைக்கு ஒன்றரை பவுண்டு அரிசி, உப்பிட்ட மீன், ஊறுகாய், காய், தேயிலை, சமைக்க விறகு எல்லாம் வந்தன. குடிதண்ணீர் தொட்டியிலோ நாற்றமில்லாத பீப்பாயிலோதான் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் உணவு மாறியபோது இடமும் ஏன் மூன்று சதுர அடி குறைந்தது என்று கேட்டால் நல்ல பதில் கிடையாது. சீனன் ஒல்லியானவன் என்பது மாதிரியான பேச்சுதான் மிஞ்சும்.

அப்புறம் குடியேற்ற அதிகாரி. கப்பல் புறப்படும் முன் அவர் ஏறிப் பார்க்க வேண்டும். கப்பல் கடலுக்குத் தகுதியானதா, சாமான் போதுமா, மருத்துவர் இருக்கிறாரா, மருந்துப் பெட்டி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பயணிகளை வரிசையில் நிறுத்தி, எங்கே போகிறோம் என்று தெரியுமா, ஒப்பந்தம் புரிந்ததா என்று மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்க வேண்டும். அவர் சான்று தந்தால்தான் கப்பல் கிளம்பலாம். விதியை மீற மாட்டேன் என்பதற்குக் கேப்டன் 1,000 பவுண்டுக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்துக்கு இது முன்னேதான் இருந்தது. ஆனால் அடுத்த வருடமே, 1856-ல், 'ஜான் கால்வின்', 'டியூக் ஆஃப் போர்ட்லாண்ட்' என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் ஹாங்காங்கிலிருந்து ஹவானாவுக்குக் கிளம்பின. இரண்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செத்தார்கள். சட்டம் வந்து ஒரு வருடத்துக்குள் இப்படி என்றால் என்ன அர்த்தம்?

வரிசையில் நின்ற அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். பல நாள் கொட்டடியில் கிடந்தவன். முன்பணம் என்று சில டாலர் கையில் வாங்கியாயிற்று, இல்லை வாங்கியதாகக் கணக்கில் எழுதியாயிற்று. பின்னால் தரகன் நிற்கிறான். 'மாட்டேன்' என்றால் திரும்பக் கொட்டடிக்குத்தான், அடியும் கூடவே. அதிகாரி கேட்கும் கேள்விக்குத் தலையாட்டத்தான் செய்வான். பக்கத்து மக்காவ் துறைமுகத்தில் ஒரு படி மேலே போனார்கள்: விருப்பமில்லாதவன் பெயரில் வேறொருவன் போய் 'சம்மதம்' என்று சொல்லிவிட்டு வருவான். கப்பலேறுவது மட்டும் உண்மையான ஆள்.

அவர்கள் சம்மதித்ததாகச் சொல்லப்படும் கியூபா ஒப்பந்தம் எட்டு வருடத்துக்கு. மாதம் 4 பெசோ. ஹவானாவில் இறங்கியதும் அந்தக் காகிதத்தைக் கரும்புத் தோட்டக்காரர்கள் பல நூறு பெசோ கொடுத்து வாங்குவார்கள். காகிதத்தைத்தான் விற்றோம், ஆளை இல்லை என்பது சட்ட வாதம்.

இப்போது அந்த மறக்க வேண்டாம் என்று சொன்ன வாக்கியம். ஹாங்காங்கில் பிடி இறுகியதும் வியாபாரம் நிற்கவில்லை, கிட்டத்தட்ட 40 மைல் தள்ளி மக்காவுக்கு நகர்ந்தது. அது போர்ச்சுகல் வசம். அங்கிருந்து ஸ்பெயின், பிரான்ஸ், பெரு, இத்தாலி, எல் சால்வடார் கொடி பறக்கும் கப்பல் கிளம்பினால் பிரிட்டிஷ் சட்டத்துக்கு வேலையே இல்லை. 1862 பிப்ரவரியில் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அமெரிக்கக் கப்பல்களையும் இந்தத் தொழிலிலிருந்து விலக்கியது. பிரிட்டனும் அமெரிக்காவும் விலக விலக, மிச்சமிருந்தவர்கள் இன்னும் கேவலமானவர்களாக இருந்தார்கள். இதில் எரிச்சலூட்டும் ஒன்று: மக்காவ் கப்பல்களுக்குத் தேவையான அரிசி, பீப்பாய், கீழ்த்தள வாசலை மூடும் இரும்புக் கிராதி எல்லாம் ஹாங்காங் கடைகளிலும் பட்டறைகளிலும்தான் வாங்கப்பட்டன. ஆளை ஏற்றக்கூடாது, கூண்டை விற்கலாம். அந்த ஓட்டையை அடைக்க ஹாங்காங்கில் தனிச் சட்டம் வந்தது 1873-ல்தான்.

அந்தக் கிராதி என்ன செய்தது என்பதற்கு 1871 மே மாதம் மக்காவிலிருந்து கிளம்பிய 'டோலோரெஸ் உகார்த்தே' போதும். சுமார் 650 கூலிகள். கப்பலில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்து வாசல்களில் இரும்புக் கிராதி போட்டுப் பூட்டியிருந்தது. மாலுமிகள் படகில் ஏறித் தப்பினார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் எரிந்தும் மூச்சுத்திணறியும் செத்தார்கள், வெளியே வர முடிந்த சிலரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். 1859-ல் 'ஃப்ளோரா டெம்பிள்' பாறையில் மோதியபோதும் இதே கதைதான்: மாலுமிகள் படகில், உள்ளே 850 சீனர்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

எங்கேயும் சரியாக நடக்கவே இல்லையா என்றால், ஒரு இடத்தில் நடந்தது. இரண்டாம் அபினிப் போரின்போது, 1857-58-ல், பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் கான்டனை (இன்றைய குவாங்சோ) பிடித்து வைத்துக்கொண்டார்கள். 1859-ல் அங்கே ஆளுநர் லாவ் சோங்குவாங், பிரிட்டிஷ் அதிகாரி ஹாரி பார்க்ஸ், பிரிட்டிஷ் கயானாவின் முகவர் ஆஸ்டின் ஆகியோர் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். வெளிப்படையான குடியேற்ற விடுதி. விருப்பமிருந்தால் வரலாம், மனம் மாறினால் வெளியே போகலாம். சீன அதிகாரியும் உள்ளே வந்து கேள்வி கேட்கலாம். குடும்பத்தோடு பெண்களும் போனார்கள். கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் இப்படிப் போன கப்பல்களில் சாவு வெகுவாகக் குறைந்தது. கப்பல் அதே மாதிரிக் கப்பல்தான், 12 சதுர அடியும் அதே 12 சதுர அடிதான். மாறியது கரையில் இருந்த கதவு. நோயோடும் அடியோடும் பயத்தோடும் ஏறாதவன் வழியில் சாவது குறைவு, இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

நம் ஊர் ஒப்பீடு இங்கேதான் உண்மையாகவே பொருந்தும். மொரிஷியசுக்கும் கரீபியனுக்கும் போன இந்தியர்களின் துறைமுகமும் பிரிட்டிஷார் கையில், இறங்கிய தீவும் பிரிட்டிஷார் கையில். சென்னையிலும் கல்கத்தாவிலும் கூலி டிப்போவும் அதற்குப் பாதுகாவலர் என்ற அதிகாரியும் வைக்க முடிந்தது. ஏமாற்று அங்கேயும் நிறைய, ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதாவது தெரியும். சீனாவில் பிரிட்டனிடம் இருந்தது ஹாங்காங் மட்டும்.

1866-ல் சீன அரசின் வெளிவிவகாரங்களைக் கவனித்த இளவரசர் குங்கோடு பிரிட்டனும் பிரான்சும் ஒரு உடன்படிக்கை எழுதின. ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் திரும்பிவர இலவசக் கப்பல் பயணம். அந்தக் கடைசி வரியைத் தோட்டக்காரர்களால் தாங்க முடியவில்லை. இரண்டு அரசுகளும் ஏற்க மறுத்தன. கான்டன் ஏற்பாடு அதோடு சுருங்கிவிட்டது.

மக்காவ் வியாபாரத்தை நிறுத்தியதில் கப்பல் அளவுச் சட்டங்களைவிட நீதிமன்றங்களுக்கும் வெளிச்சத்துக்கும் பங்கு அதிகம். 1870-ல் 'நூவெல் பெனலோப்' என்ற பிரெஞ்சுக் கப்பலில் கூலிகள் கேப்டனையும் மாலுமிகள் சிலரையும் கொன்று கப்பலைக் கரைக்குத் திருப்பினார்கள். அதில் ஒருவரான குவோக் ஆ சிங் ஹாங்காங்கில் பிடிபட்டார். தலைமை நீதிபதி ஜான் ஸ்மேல் அவரை விடுதலை செய்தார். விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைக்கப்பட்டவன் சுதந்திரத்துக்காகச் செய்ததைக் கொலையாகப் பார்க்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். மறுபடி பிடித்தார்கள், மறுபடி விட்டார். வழக்கு காலனிகளுக்கான கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அவரைச் சீனாவிடம் ஒப்படைக்க முடியாது என்பதை 1873-ல் அவர்கள் ஏற்றார்கள், இரண்டாவது முறை விட்டதை ஏற்கவில்லை.

1872-ல் இன்னொன்று. பெருவுக்குப் போகும் 'மரியா லூஸ்' கப்பல் புயலில் அடிபட்டு ஜப்பானின் யோகோஹாமாவில் ஒதுங்கியது. உள்ளே சுமார் 230 சீனர்கள். ஒருவன் கடலில் குதித்து நீந்திப் பக்கத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை அடைந்தான். ஜப்பான் அரசு வழக்கு நடத்தி எல்லோரையும் விடுவித்தது. கேப்டனின் வக்கீல், உங்கள் ஊரில் விபச்சார விடுதிப் பெண்களையும் இதே மாதிரி ஒப்பந்தத்தில்தானே கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். வாயடைத்துப் போன ஜப்பான் அரசு அதே வருடம் அந்த ஒப்பந்தங்களையும் ரத்து செய்ய ஆணை போட்டது. பெரு விட்டுக்கொடுக்கவில்லை. பஞ்சாயத்து ரஷ்யப் பேரரசரிடம் போய், 1875-ல் ஜப்பானுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

அதற்குள் போர்ச்சுகல் 1873 டிசம்பரில் தடையை அறிவித்து, 1874 மார்ச்சில் மக்காவ் வாசலை மூடிவிட்டது. அந்த வருடமே சீன அரசு சென் லான்பின் தலைமையில் ஒரு குழுவைக் கியூபாவுக்கு அனுப்பியது. 1,176 பேரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்துகொண்டு வந்தார்கள். பெரும்பாலானோர் ஏமாற்றப்பட்டோ கடத்தப்பட்டோ வந்ததாகவே சொன்னார்கள். 1847 முதல் 1874 வரை சுமார் 1,25,000 பேர் கியூபாவில் இறங்கினார்கள். ஏறியவர்கள் அதைவிடப் பல ஆயிரம் அதிகம். பெருவுக்குப் போனவர்கள் சுமார் ஒரு லட்சம்.

ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும். கடல் கடந்த சீனர்கள் எல்லோரும் இப்படிப் போகவில்லை. கலிஃபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தங்கம் தேடிப் போனவர்கள் கைக்காசிலோ, கடன் வாங்கிய டிக்கெட்டிலோ ஹாங்காங்கில் ஏறினார்கள். 1852-ல் மட்டும் சான் பிரான்சிஸ்கோவில் சுமார் 20,000 பேர் இறங்கினார்கள். 1855-க்குப் பிறகு அந்த வழிக் கப்பல்களுக்கும் 12 சதுர அடிச் சட்டம் பொருந்தியது. இவர்கள் விஷயத்தில் அது ஓரளவு வேலையும் செய்தது, ஏனென்றால் போக விரும்பி ஏறியவர்கள்.

ஆனால் இவர்களுக்கு வேறொரு கப்பல் சட்டம் காத்திருந்தது. 1855-லேயே, லண்டன் சட்டம் வந்த அதே வருடம், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காலனி ஒரு விதி போட்டது: கப்பலின் கொள்ளளவில் 10 டன்னுக்கு ஒரு சீனர் மட்டும், அதோடு ஆளுக்கு 10 பவுண்டு வரி. நெரிசலைக் குறைக்க என்று நினைத்துவிடாதீர்கள். அதே கப்பலில் வெள்ளைக்காரர் எத்தனை பேர் வந்தாலும் அந்த வரம்பு இல்லை. சீனர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்துத் தென் ஆஸ்திரேலியாவில் ரோப் என்ற சின்னத் துறைமுகத்தில் இறங்கி, மூட்டையைக் காவடியாகத் தோளில் போட்டுக்கொண்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே தங்கச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 1857-ல் தென் ஆஸ்திரேலியாவும் அதே மாதிரிச் சட்டம் போட்டது.

டன் கணக்கு அதற்குப் பிறகு ஏறிக்கொண்டே போனது. கனடா 1885-ல் 50 டன்னுக்கு ஒரு சீனர் என்றது. நியூசிலாந்து 1881-ல் 10 டன்னில் தொடங்கி, 1888-ல் 100 டன் ஆக்கி, 1896-ல் 200 டன்னுக்குப் போனது, தலைவரி 100 பவுண்டு. அந்தக் கணக்குப்படி 2,000 டன் நீராவிக் கப்பல் ஒன்று வெலிங்டன் துறைமுகத்துக்கு வந்தால், அதிலிருந்து இறங்கக்கூடிய சீனர்கள் பத்து பேர்.